எண்ணெயை நிறுத்திய தோல்

பழைய காரின் பின் ஆக்சிலைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எஃகின் பெருமையில்தான் போய் நிற்கும். 1908-இல் ஃபோர்டு மாடல் டி வெளிவந்தபோது வனேடியம் கலந்த எஃகைத்தான் அந்த நிறுவனம் விளம்பரங்களில் முன்னிறுத்தியது. அந்தப் பெருமை பொய்யில்லை. ஆனாலும் ஒரு கார் பல வருடம் ஓடிய பிறகும் பழுதுபார்க்கத் தக்கதாக இருக்கிறதென்றால், எஃகு ஆலைகளுக்குப் போகும் புகழில் ஒரு பங்கைத் தோல் தொழிலுக்கும் பிரித்துத் தர வேண்டும். ஆக்சில் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டு, ஹவுசிங்கில் இருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ஆயில் சீல், தோல் வேலை செய்தவர்களின் கையிலிருந்து வந்தது.

சீல் சரியாக இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த மாடல் டியே சாட்சி. அதன் பின் சக்கர முனையில் இருந்தது கம்பளியை அமுக்கிச் செய்த ஃபெல்ட் வளையம். தூசியைத் தடுக்கும், கெட்டியான கிரீஸை ஓரளவு தாங்கும். சூட்டில் இளகிய எண்ணெயை மட்டும் குடித்துவிட்டு மறுபக்கம் கசியவிடும். கசிந்த எண்ணெய் நேராகப் போவது பிரேக் டிரம்முக்கு. இங்கேதான் விஷயம் ஆபத்தாகிறது. மாடல் டியின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை. அது கியர்பாக்ஸ் டிரம்மைப் பிடித்து, அந்தப் பிடியை ஷாஃப்ட்டுகள் வழியாகச் சக்கரத்துக்கு அனுப்பியது. வழியில் ஏதாவது முறிந்தால் பெடலை மிதித்தும் பயனில்லை, பின் டிரம்மில் இயங்கும் கை பிரேக்தான் மிச்சம். அந்த டிரம் எண்ணெயில் ஊறியிருந்தால் அதுவும் இல்லை. முறிந்த ஷாஃப்ட்டை மாற்றுவதும் லேசான வேலையல்ல. அதன் உள்முனையில் டிஃபரென்ஷியல் பல்சக்கரம் பூட்டப்பட்டிருப்பதால், ஆக்சில் முழுவதையும் கழற்றி ஹவுசிங்கை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடத் தோன்றும் வேலை அது.

தோல்காரர்களுக்கு இந்தக் கசிவுச் சிக்கல் புதிதல்ல. ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் அழுத்தப் பொறியில், நீர் கசியாமல் நிறுத்தியது குழிவாக மடித்த தோல் வளையம். அது அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை என்பார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற, தோலின் விளிம்பு தண்டை மேலும் இறுக்கிப் பிடிக்கும். ஷாஃப்ட்டை உதடுபோலத் தொட்டு நிற்கும் இன்றைய சீலின் அடிப்படை அதிலேயே இருக்கிறது. பிறகு இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் தோல் பெல்ட்டை விட்டுத் தனித்தனி மின்மோட்டாருக்கு மாற, பெல்ட் தைத்தவர்களுக்கு வேறு வாடிக்கை தேவைப்பட்டது. 1878-இல் தொடங்கி பெல்ட் தோலில் வளர்ந்த சிகாகோ ராஹைட் நிறுவனம் கார்களுக்கான ஆயில் சீலுக்கு வந்தது. ஜெர்மனியின் வைன்ஹைமில் 1849 முதல் தோல் பதனிட்டுவந்த ஃபிராய்டன்பெர்க், பொருளாதார மந்தம் தன் தோல் வியாபாரத்தை உலுக்கிய காலத்தில் சீல் செய்யத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த வால்டர் ஸிம்மரின் பெயரைத் தாங்கிய சீல்தான் ஸிம்மரிங். உலோகக் கூட்டுக்குள் தோல் உதடு, அதை ஷாஃப்ட்டோடு அணைக்க ஒரு சுருள் கம்பி வளையம் என்று வடிவம் முடிவானது இந்தப் பட்டறைகளில்தான்.

கசிவை உண்மையில் நிறுத்தியது ரப்பர்தானே, தோல் வெறும் இடைக்கால ஏற்பாடுதானே என்று கேட்கலாம். பாதி சரி. தோல் சூட்டில் சுருங்கி விறைக்கும். 1930-களில் எண்ணெய்க்கு உப்பாத நைட்ரைல் ரப்பர் வந்ததும் தோல் பின்வாங்கியது. ஆனால் ரப்பர் தனக்கென்று ஒரு வடிவத்தைக் கொண்டுவரவில்லை. தோல் உட்கார்ந்திருந்த அதே கூட்டில், அதே கம்பி வளையத்துக்குள் வந்து உட்கார்ந்தது. சாதாரண ரப்பரை முதலிலேயே போட்டிருந்தால் எண்ணெயில் ஊதிப்போயிருக்கும், அதனால் நடுவில் இருந்த வருடங்களைத் தோல்தான் சுமக்க வேண்டியிருந்தது. (நம் ஊர் இந்தியா மார்க் 2 அடிபம்பின் தோல் வாஷருக்கும் பின்னாளில் இதே மாற்றம்தான் நடந்தது.) கெட்டி எண்ணெய் ஊற்றினால் போதுமே என்பது இன்னொரு வாதம். ஃபோர்டு காலத்தில் அப்படித்தான் சமாளித்தார்கள். ஓட்டத்தில் எந்தக் கெட்டி எண்ணெயும் இளகும். அளவுக்கு மீறி ஊற்றினாலோ அது டிரம்மைத் தேடிப் போகும்.

தோலானாலும் ரப்பரானாலும் மாறாத ஒரு குணம், மென்மையான உதடு கடினமான எஃகைத் தேய்ப்பது. மண்துகள் உதட்டில் பதிந்துகொண்டு, ஷாஃப்ட் சுழலச் சுழல அரம்போல வேலை செய்து பள்ளம் போடும். பழைய காரில் புதுச் சீல் போட்டும் கசிந்தால், பழியைச் சீலின் மேல் போடுவதற்கு முன் ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் எந்தச் சீலும் நிற்காது. ஹவுசிங்கின் மூச்சுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதிதான்: சூட்டில் விரியும் காற்று, உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறும். தேய்ந்த ஷாஃப்ட்டைத் தூக்கி எறியாமல் பள்ளத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றைச் செருகிக் காப்பாற்றும் முறையும் உண்டு; அதை விற்றுப் பரவலாக்கிய பெயர்களில் முன்னால் நிற்பது, ஒரு காலத்தில் பெல்ட் தோல் விற்ற அதே சிகாகோ ராஹைட்.