சேதுபதி வரைய வைத்த சுவர்கள்

1725ஆம் ஆண்டில் இரண்டு அரசர்கள் இறந்தார்கள். ஒருவர் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர். மற்றவர் எங்கள் ராமநாதபுரத்தை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி. படை, நிலப்பரப்பு, பொன், பொருள் எதிலும் இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் ஆயுளின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இருவரும் ஒரு காரியத்தில் அக்கறை காட்டினார்கள். தாம் ஆண்ட பெருமையை, வருகிறவர்கள் கண்ணால் பார்க்கும்படி ஓர் இடத்தில் அமைத்து வைத்தார்கள். பீட்டர் அதைப் பூங்காவாக அமைத்தார். சேதுபதி சுவரில் வரைய வைத்தார்.

நான் ராமநாதபுரத்துக்காரன். பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் சிறுவயதில் ‘சோவியத் நாடு’ பத்திரிகை எங்கள் வீட்டுக்குத் தபாலில் வரும். தாள் கெட்டியாக, வழவழவென்று இருக்கும் என்பதால் தெருவில் பாதிப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு அதுதான் அட்டை. என் கணக்குப் புத்தகத்தின் மேல் தங்க முலாம் பூசிய ஒருவன் சிங்கத்தின் வாயைப் பிளந்துகொண்டிருப்பான். அந்த வாயிலிருந்து தண்ணீர் ஆகாயத்தில் பீறிடும். அது பீட்டர் அமைத்த பீட்டர்ஹோஃப் பூங்காவின் சாம்சன் நீரூற்று. 1709இல் பொல்தாவாவில் ரஷ்யா சுவீடன் படையை வென்றதன் நினைவாக 1735இல் வைத்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

1723இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் என் மனதைப் பிடித்தது தங்கம் அல்ல, தண்ணீர் வரும் வழி. அங்கே நீரூற்றுகளுக்குப் பம்பு கிடையாது. ரோப்ஷா மேட்டு நிலத்து ஊற்றுகளிலிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் தண்ணீரின் விசையிலேயே எல்லா ஊற்றும் எழும்புகிறது. கண்மாய்க்கரையில் வளர்ந்த எவருக்கும் இது சொல்லாமலே புரியும். எங்கள் சேதுபதிகளும் கால் வெட்டியவர்கள்தான். வைகைத் தண்ணீரைத் திருப்பிய கூத்தன் கால், குண்டாற்றுத் தண்ணீரைக் கொண்டுபோன ரகுநாத காவேரி இரண்டும் அவர்கள் வேலைகள். ஆனால் வைகை எங்களிடம் வந்து சேரும்போது மதுரையும் மானாமதுரையும் பரமக்குடியும் எடுத்ததுபோக மிச்சம்தான் வரும். அந்த மிச்சத்தை ராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ளும். இந்த மண்ணில் ஒரு ராஜா பார்வைக்கு அழகாகத் தண்ணீரை மேலே பீய்ச்சிக்கொண்டிருந்தால் குடிகள் பொறுக்க மாட்டார்கள். பனையும் உடைமரமும் உப்புக்காற்றும் உள்ள ஊரில், உலவி மகிழும் இடத்தை முத்து விஜய ரகுநாதர் கூரைக்குக் கீழே சுண்ணாம்புப் பூச்சின் மேல் உண்டாக்கிக்கொண்டார். ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

கட்டடம் அவருக்கு முந்தையது. சேதுபதிகளின் பழைய தலைநகர் பரமக்குடிச் சாலையில் உள்ள போகலூர். ரகுநாத கிழவன் சேதுபதி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றி, கோட்டை கட்டி, அதற்குள் ராமலிங்க விலாசத்தையும் எழுப்பினார். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு உற்ற நண்பர். கோட்டையும் அரண்மனையும் எழும்ப அவரும் கைகொடுத்தார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

கிழவன் சேதுபதியின் ஆட்சியைப் பற்றிப் பேசும்போது புகழை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோவை அவர் ஆட்சியில்தான் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலையை வெட்டிக் கொன்றார்கள். பிரிட்டோவால் கிறிஸ்தவரான மறவர் தலைவர் தடியத் தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் சேதுபதியின் உறவுப்பெண் ஒருவரும் இருந்தார். அதிலிருந்து மூண்ட கோபம் அது. 1710இல் கிழவன் மறைந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று அக்காலத்து ஏசுசபைப் பாதிரியார் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அரண்மனையின் எந்தச் சுவரிலும் அந்த 47 பேர் இல்லை. சுவர் பேசுவது 1713இல் பட்டத்துக்கு வந்த முத்து விஜய ரகுநாதரின் கதையை.

அமைப்பில் ராமலிங்க விலாசம் ஒரு கோயிலை ஒத்தது. முன்னே தூண்கள் நிறைந்த பெரிய மண்டபம், அதற்கடுத்து கொஞ்சம் சிறிய மண்டபம், அதற்கும் உள்ளே ஓர் அறை. வழவழப்பாக இழைத்த கருங்கல் தூண்களில் சித்திரை வெயிலிலும் கை வைத்தால் குளிரும். வெளியே அரண்மனை வாசல் கடைவீதியில் ஆட்டோ ஹாரன் அலறும். உள்ளே வந்துவிட்டால் அந்தச் சத்தம் பாதியாகிவிடும். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். பழகியதும் முதலில் தெரிவது சிவப்பு. செங்காவிப் பின்னணியில் மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் மெல்ல மேலெழும்பும். பிறகுதான் கறுப்புக் கோடு கண்ணுக்குப் பிடிபடும்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்ணம் உதிர்ந்துபோன இடங்களிலும் கோடு நிற்கிறது. தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கும் ஒரு வளைவைத் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுத்திருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அப்படி ஒரு கோடு போடும் கை ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும். கோடு போட்டவர் பெயர் எங்கும் இல்லை. அவர் வரைந்த ராஜாவின் பெயர் ஊரெல்லாம் இருக்கிறது.

பெரிய மண்டபத்தில் போர் இருக்கிறது. தஞ்சை மராட்டியப் படையும் சேதுபதியின் படையும் மோதும் காட்சி. பீரங்கிகளும் உண்டு. அரசவைக் காட்சிகளில் ஐரோப்பியர்கள் சேதுபதியின் முன் வந்து நிற்கிறார்கள். ஒருமுறை என் மாணவன் ஒருவன், “சார், தொப்பி போட்டுட்டு நிக்கிறானே, அவன்தான் ஜாக்சன் துரையா?” என்று கேட்டான். “இல்லப்பா, அந்தத் துரை வர்றதுக்கு இன்னும் எழுபது வருசத்துக்கு மேல இருக்கு. இவங்க வியாபாரத்துக்கு அனுமதி கேட்டு வந்தவங்க மாதிரி நிக்கிறாங்க பாரு. யார் உசந்த இடத்துல இருக்கா, யார் கீழ நிக்கிறா?” என்றேன். படத்துக்குள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த அளவில் இருக்கிறார்கள் என்பதை வைத்தே அரசியலைப் படிக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொரு காட்சியில் மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்கிறார். நவமணிகளைத் தலைமேல் சொரிந்து மரியாதை செய்வது. சேதுபதிகள் ஒரு காலத்தில் மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்ட பாளையக்காரர்கள். அந்த நாயக்கரே வந்து சேதுபதிக்கு மணி சொரிவதாக வரைய வைத்தவர் மனதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதற்கும் மேலே ஒரு படி போய், குலதெய்வம் ராஜராஜேஸ்வரியிடமிருந்தே செங்கோலை வாங்குகிறார். நாயக்கர் தருவது மரியாதை, அம்மன் தருவதே அதிகாரம் என்கிறது சுவர்.

ராமாயணத்தின் பாலகாண்டமும் கிருஷ்ணன் கதையும் வரிசையாக, கீழே தமிழ் எழுத்தோடு ஓடுகின்றன. சேதுவைக் காப்பவர் என்ற பட்டம் தாங்கிய குடும்பத்துக்கு ராமன் கதை வெறும் பக்தி அல்ல. ராமேசுவரத்துக்கும் திருப்புல்லாணிக்கும் தேவிபட்டினத்துக்கும் போகும் யாத்திரிகர்களைக் காப்பதுதான் அவர்கள் ஆளும் உரிமைக்கே அடிப்படை. மாடிக்குப் போனால் வேறு உலகம். அங்கே ராஜா பெண்கள் சூழப் பொழுதுபோக்குகிறார். பீட்டர் தம் பூங்காவுக்குள் கடலைப் பார்த்து மோன்பிளேசிர் என்ற சிறிய மாளிகையை, பெரிய அரண்மனையின் ஆடம்பரம் வேண்டாமென்று தமக்காகவே கட்டிக்கொண்டதை நான் இந்த மாடிப்படி ஏறும்போதெல்லாம் நினைப்பதுண்டு. எந்த அரசனுக்கும் தனக்கென்று ஓர் அறை தேவைப்படுகிறது.

சுவரில் வென்ற ராஜ்யம் நிலத்தில் நிலைக்கவில்லை. முத்து விஜய ரகுநாதர் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. சுவரில் எதிரியாக நிற்கும் தஞ்சைப் படை அதற்குள் நுழைந்தது. சில ஆண்டுகளுக்குள் பாம்பாற்றுக்கு வடக்கே உள்ள நிலம் தஞ்சைக்குப் போயிற்று. மீதி ஐந்து பங்காகி, இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்குச் சிவகங்கைச் சீமையாகப் பிரிந்தது. 1772இல் ஆற்காட்டு நவாபும் கும்பெனிப் படையும் கோட்டையைப் பிடித்தார்கள். 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கும்பெனி பதவியிலிருந்து இறக்கியது. 1809இல் சென்னையில் கைதியாகவே அவர் இறந்தார். 1803இல் சீமை ஜமீனாகிவிட்டது. பிறகு வந்தவர்கள் கிஸ்தி கட்டும் ஜமீன்தார்கள்.

1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன் வீரபாண்டிய கட்டபொம்மனைக் குற்றாலம், சொக்கம்பட்டி என்று ஊர் ஊராக அலைய விட்டு, கடைசியில் பேட்டி கொடுத்தது இந்த ராமலிங்க விலாசத்தில்தான். நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டான். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் இதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள், சினிமா வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, சுவரைப் பாராமலே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தி, “ஐயா, கொஞ்சம் அண்ணாந்து பாருங்க” என்று சொல்லத் தோன்றும்.

அந்த ஜமீன்தார்களில் ஒருவரான பாஸ்கர சேதுபதியின் காலத்தை விட்டுவிட முடியாது. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26ஆம் தேதி பாம்பனில் இறங்கினார். ராமேசுவரம் போய்விட்டு மாட்டுவண்டியில் ராமநாதபுரம் வந்தவரை, ஊரை நெருங்கும்போது ஒரு பெரிய கண்மாயைப் படகில் கடக்க வைத்துக் கரையில் வரவேற்றார்கள். ஜனவரி மாதம், ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் காலம். பீட்டர்ஹோஃபின் விருந்தினர்கள் கடலிலிருந்து கால்வாய் வழியே படகில் அரண்மனைப் படிக்கட்டுக்கு வருவார்களாம். எங்கள் ராஜா ஒருவர், பாசனக் கண்மாயை வைத்தே ஒரு துறவிக்கு அந்த மரியாதையைச் செய்துவிட்டார். குடிக்கவும் விளையவும் வைத்த தண்ணீர், ஒரு மாலைக்கு ராஜபாட்டையும் ஆனது.

அரண்மனை வளாகத்து ராஜராஜேஸ்வரி கோயிலின் நவராத்திரி இன்றும் நடக்கிறது. மைசூர்ப் படையோடு நடந்த மூக்கறுப்புப் போரில் அன்றைய சேதுபதி மதுரையைக் காத்ததற்காகத் திருமலை நாயக்கர் கொடுத்த உரிமை அது என்பது வழிவழியாக வரும் செய்தி. விஜயதசமியன்று அம்மன் மகர்நோன்புப் பொட்டலுக்குப் போய் அம்பு எய்வதைப் பார்க்க என் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார்.

பீட்டர்ஹோஃப் 1918இல் மக்களுக்கான அருங்காட்சியகமாயிற்று. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மன் படையின் பிடியில் கிடந்தது. அரண்மனை எரிந்தது, சாம்சன் சிலை காணாமல் போயிற்று. அதே வட்டாரத்துப் பாவ்லோவ்ஸ்க் பூங்காவில் ஊழியர்கள் சிலைகளை மண்ணுக்குள் புதைத்துக் காத்தார்கள். போர் முடிந்து 1947இல் புதிய சாம்சன் எழுந்தான். அழிந்ததை மறுபடி உண்டாக்க அவர்களுக்குக் கைகொடுத்தவை பழைய படங்களும் வரைபடங்களும். என் புத்தக அட்டையில் இருந்தது அந்தப் புதிய சிலைதான்.

எங்கள் சுவர்களில் குண்டு விழவில்லை. உப்புக்காற்றும் ஓதமும் மெதுவாக வேலை செய்கின்றன. தொல்லியல் துறை கட்டடத்தை அருங்காட்சியகமாக வைத்துக் காக்கிறது. வளரியும் வாளும் வேலும் அங்கே பார்வைக்கு இருக்கின்றன. ஆனால் சுவரோவியத்துக்குக் காவல் மட்டும் போதாது, நகலும் வேண்டும். போட்டோ வண்ணத்தைக் காட்டும். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கையால் நகலெடுத்தால்தான் தெரியும். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களை ஆண்டுக்கு ஒரு சுவர் என்று இங்கே உட்கார வைக்கலாம். சுவரைத் தொடாமல், எட்ட இருந்து, அளவு எடுத்து, கோடு கோடாக. தொடங்குவதானால் ராமாயணத்தில் தொடங்க வேண்டாம். அதில் ஓர் இடம் உதிர்ந்துபோனால் தமிழ்நாட்டில் வேறொரு கோயில் சுவரைப் பார்த்து, இங்கே என்ன இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். பெரிய மண்டபத்துப் போர்க்காட்சியில் தொடங்க வேண்டும். அதை நிரப்ப வேறு சுவர் கிடையாது.