தேக்காவிலிருந்து கடல்வரை: ரோச்சோர் கால்வாய் சொல்லும் வரலாறு

தேக்கா சந்தைக்கு அருகே ஓடும் ரோச்சோர் கால்வாயை நாம் தினமும் கடக்கிறோம்; நின்று பார்ப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தண்ணீரையும் புல்லையும் நம்பித்தான் சிராங்கூன் வட்டாரத்தில் மாட்டுத் தொழில் வளர்ந்தது. தமிழர் பலருக்குப் பிழைப்பும் கிடைத்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்களில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான்!

1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடியவேண்டும் என்று இலக்கு வைத்தார். பன்றி, வாத்துப் பண்ணைகள் அகற்றப்பட்டன. சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாறின. தெருவோர உணவுக்கடைகள் அங்காடி நிலையங்களுக்குப் போயின. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங் போய்ச் சேர்ந்தன. 1987இல் பணி நிறைவுபெற்றது. மாணவர்களே, தேர்வில் இதை 'ஆறு சுத்தமாயிடுச்சு'ன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க. பிழைப்பு இடம் மாறியவங்க கதையும் இதுல இருக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைய வெற்றியைக் கண்ணும் மூக்கும் அளந்தன. பிளாஸ்டிக் துகள் அந்த இரண்டுக்கும் சிக்காது. 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற சொல்லே 2004இல் ரிச்சர்ட் தாம்சன் குழுவின் ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் பரவலானது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை அது குறிக்கிறது.

அது பயணப்படும் வழி எளியது. இங்கே கழிவுநீர் தனிக் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. மழைநீரோ வடிகால் வழியே நேராகக் கால்வாயில் சேர்கிறது. சாலையோரம் விழுந்த பை வெயிலில் நொறுங்கி, வண்டிச் சக்கரத்தில் அரைபட்டுத் துகளாகிறது. டயர் தேய்ந்தும் துகள் உதிரும். ஒரு நல்ல மழை போதும், எல்லாம் வடிகாலுக்குள். மிதவைத் தடுப்புகள் போத்தலைப் பிடிக்கும், துகளைப் பிடிக்காது. ரோச்சோரிலிருந்து காலாங் படுகை, அங்கிருந்து மரினா நீர்த்தேக்கம். கொஞ்சம் சேற்றில் படியும். 2008இல் திறக்கப்பட்ட மரினா அணையில் ஒன்பது மதகுகள் உள்ளன. கனமழையின்போது கடல் வற்றமாக இருந்தால் மதகுகள் திறக்கும். பெருக்கமாக இருந்தால் பம்புகள் நீரை வெளியேற்றும். இரண்டிலும் துகள் கடலுக்குப் போக வழி உண்டு. அந்த நீர்த்தேக்கம்தான் நம் குடிநீர் ஆதாரங்களில் ஒன்றும்கூட.

2006இலேயே சிங்கப்பூர்க் கடற்கரை மணலிலும் கடல்நீரிலும் இத்துகள்கள் இருப்பதாக ஆய்வு வெளிவந்துவிட்டது. பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் வந்ததோ 2023 ஜூலையில். அதுவும் பெரிய பேரங்காடிகளில் மட்டும். தேக்காவின் சிறு மளிகைக் கடைகளுக்கு அது கட்டாயமில்லை.