ஸ்மோங்: ஒரு தீவைக் காப்பாற்றிய சொல்

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லைப் பத்திப் பேசப் போறோம்: ‘ஸ்மோங்’.

சுமத்ராவுக்கு மேற்கே, அச்சே மாகாணத்தைச் சேர்ந்த சின்னத் தீவு சிமெலுவே. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்த நிலங்களில் ஒன்று. அதன் வடகரைக்கு அலை வர பத்து நிமிஷம்கூட ஆகல. தீவில் இருந்தவர்கள் சுமார் 78,000 பேர். இறந்தவர்கள் 7 பேர்தான். ஆனா அச்சே மாகாணம் முழுக்கப் பார்த்தா, இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

எப்படி இந்த வித்தியாசம்? 1907 ஜனவரியில் இதே தீவை ஒரு பேரலை அடிச்சு நிறைய பேர் செத்துப்போனாங்க. தப்பிச்சவங்க அதுக்கு வெச்சிருந்த பேர்தான் ஸ்மோங். அகராதியில போட்டா ‘பேரலை’ன்னு வரும். ஆனா தீவுக்காரங்களுக்கு அது ஒரு வரிசை: நிலம் பலமா ஆடும், கடல் உள்வாங்கும், அப்புறம் ஊருக்குள்ள ஏறி வரும், அதனால உடனே மலைக்கு ஓடணும். தாலாட்டுல, பாட்டி சொல்ற கதையில, ‘நண்டோங்’ பாட்டுல 97 வருஷம் அந்தச் சொல் புழங்கிச்சு. அன்னைக்குக் காலையில யாரோ ‘ஸ்மோங்!’னு கத்தினதும் யாரும் விளக்கம் கேட்கல, மேட்டுக்கு ஓடினாங்க.

நம்மகிட்டயும் ‘கடல்கோள்’ இருக்கு. முதல் இரண்டு சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொண்டதாக இறையனார் அகப்பொருள் உரை சொல்லுது. ஆனா நாம அந்தச் சொல்லை இழந்ததைப் பேசத்தான் வெச்சிருந்தோம். தப்பிக்கிற வழி அதுல இல்ல.

ஒண்ணு நியாயமா சொல்லணும். நம்ம கரையில அதிர்வு லேசாத்தான் தெரிஞ்சது. அதனால சிமெலுவேக்குக் கிடைச்ச முதல் அறிகுறி நமக்குக் கிடைக்கல. அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆனா சொல்ல ஆளில்ல. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தாங்க, அதில் பெரும்பகுதி நாகை மாவட்டத்தில்.

2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. தூரத்துல நடுங்கினா அது நமக்கு நேரம் வாங்கித் தரும். பக்கத்துலயே நடுங்கினா, சைரன் வர்றதுக்குள்ள காலுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இன்னைக்கு ‘சுனாமி’ நம்ம வாயில சாதாரணமா வருது. சுனாமி குடியிருப்பு, தேர்தல் சுனாமி, வசூல் சுனாமி. 2004-க்கு அப்புறம் பிறந்த பிள்ளைகிட்ட, ‘சுனாமின்னா என்ன பண்ணணும்?’னு கேட்டுப் பாருங்க. பதில் வரலைன்னா, நீங்களே சொல்லிக் கொடுங்க: தரை பலமா ஆடினாலும் சரி, கடல் திடீர்னு உள்வாங்கினாலும் சரி, வேடிக்கை பார்க்காம மேட்டுக்கு ஓடணும்.