விண்டோஸ் தொடக்க மீட்பு

விண்டோஸ் தொடக்க மீட்பு என்பது, இயங்குதளம் எழும்போது தாமாகவே ஓடத் தொடங்கும் நிரல்கள், சேவைகள், வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் ஆகியவற்றுள் சிலவற்றைப் பயனர் முடக்கியதால் பூட் ஆகாமல் நின்றுவிட்ட கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழிமுறைகளைக் குறிக்கும்.

இத்தகைய மீட்பின் தொடக்கம் எம்.எஸ்.டாஸ் காலத்தைச் சேர்ந்தது. டிரைவர்களையும் நினைவக ஏற்பாட்டையும் கூறும் கான்ஃபிக்.சிஸ், அதன்பின் நிறைவேற வேண்டிய கட்டளைகளை அடுக்கித் தரும் ஆட்டோஎக்செக்.பேட் ஆகிய இரண்டும் வெறும் உரைக்கோப்புகளாக இருந்தமையால், எவரும் அவற்றைத் திருத்த முடிந்தது. திருத்தம் தவறினால் பூட் ஃபிளாப்பியைத் தேட நேர்ந்தது. 1993இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6, எஃப்5 விசையால் இவ்விரு கோப்புகளையும் ஒருங்கே தாண்டிச் செல்லவும், எஃப்8 விசையால் கான்ஃபிக்.சிஸ்ஸின் ஒவ்வொரு வரிக்கும் பயனரின் ஒப்புதலைக் கேட்டு நடக்கவும் இடமளித்தது. பின்னாளில் வந்த மீட்பு வசதிகள் பலவும் இந்த எளிய ஏற்பாட்டின் விரிவாக்கமே எனலாம்.

1995இல் விண்டோஸ் 95, அமைப்பு விவரங்களில் பெரும்பகுதியை ரெஜிஸ்ட்ரி என்னும் மையத் தரவுத்தொகுதிக்கு மாற்றியதோடு, இன்றியமையாத டிரைவர்களை மட்டும் கொண்டு எழும் சேஃப் மோடையும் அறிமுகப்படுத்தியது. 1998இல் விண்டோஸ் 98உடன் வந்த எம்எஸ்கான்ஃபிக் என்னும் கருவி, தொடக்க உருப்படிகளைக் கட்டங்களாகக் காட்டி, குறியை எடுத்தாலே முடக்கிவிடும் வசதியைத் தந்தது. அறிந்தவர் மட்டுமே தொட்ட இடத்தில் எல்லோரும் கைவைக்கலாயினர்.

தனி மரபாக வளர்ந்த விண்டோஸ் என்டி, 1993இலேயே வேறொரு தீர்வைக் கொண்டிருந்தது. கடைசியாக நல்லபடி எழுந்தபோது இருந்த சேவை, டிரைவர் அமைப்பை ரெஜிஸ்ட்ரியில் தனித் தொகுதியாகக் காத்துவைத்து, அடுத்தமுறை தடை நேர்ந்தால் அதனைக் கொண்டே எழ வழிசெய்த இம்முறை நுட்பமானதாயினும், பயனர் ஒருமுறை உள்நுழைந்தவுடன் புதிய அமைப்பே நல்லதெனப் பதிவாகிவிடும் என்பதால், பிழை செய்தபின் உள்நுழைந்தவருக்கு அது உதவவில்லை. இந்த மரபுக்கு சேஃப் மோட் 2000இல் விண்டோஸ் 2000உடன்தான் வந்தது.

முடக்கப்படுபவை எல்லாம் ஒரே தன்மையின அல்ல. ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியிலும் ஸ்டார்ட்டப் கோப்புறையிலும் உள்ள நிரல்கள் பயனர் உள்நுழைந்த பின்னரே ஓடுவதால், அவற்றை நிறுத்துவதால் பூட் தடைபடுவதில்லை. தடைக்குக் காரணம் சேவைகளும் டிரைவர்களுமே. இவை ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட் என்னும் மதிப்பு உண்டு: 0 பூட் ஏற்றியே ஏற்றுவது, 1 கருநிரல் தொடங்கும்போது ஏற்றப்படுவது, 2 தானாகத் தொடங்குவது, 3 தேவைப்படும்போது தொடங்குவது, 4 முடக்கப்பட்டது. வட்டை அணுகும் டிரைவர் 0இலிருந்து 4க்கு மாறினால், தான் இருக்கும் வட்டையே விண்டோஸால் படிக்க இயலாது. எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தைக் குறியிடாமல் அனைத்தையும் முடக்குவது சேவைகளால் நேரும் தொல்லைகளுக்கு வழக்கமான வாயிலாகும். அவ்வாறு முடக்கியபின் பூட் ஆனாலும், உள்நுழைவுக்கான பின் எண் ஏற்கப்படாமல் கடவுச்சொல்லைக் கொடுத்தே நுழைய வேண்டியிருக்கலாம்.

மீட்பில் முதற்படி, சேஃப் மோடில் எழுப்பி எம்எஸ்கான்ஃபிக்கில் இயல்புத் தொடக்கத்தைத் தேர்வதாகும். அதுவும் எழாவிடில், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து உள்ள மீட்புச் சூழலில் சிஸ்டம் ரீஸ்டோரை நாடலாம். அல்லது கட்டளைச் சாளரத்திலிருந்து ரெஜிஸ்ட்ரி திருத்தியைத் திறந்து, வட்டிலுள்ள சிஸ்டம் என்னும் ரெஜிஸ்ட்ரிக் கோப்பை ஏற்றி, செலக்ட் பகுதி சுட்டும் கட்டுப்பாட்டுத் தொகுதியில் உரிய ஸ்டார்ட் மதிப்பை முன்போல் மாற்றலாம். அச்சூழலில் சி வட்டு வேறெழுத்தில் தோன்றக்கூடும் என்பதையும், பிட்லாக்கர் பூட்டிய வட்டுக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

2012இல் விண்டோஸ் 8, விரைவின் பொருட்டு, சேஃப் மோடுக்கு இட்டுச்செல்லும் எஃப்8 விசையை இயல்பாகவே செயலிழக்கச் செய்து, தொடக்க நிரல்களின் பட்டியலை டாஸ்க் மேனேஜருக்கு மாற்றியது. இப்போது அடுத்தடுத்து பூட் தோல்வியுற்றால் மீட்புச் சூழல் தானே திறக்கிறது.