ரம்ப மேசையும் பத்து விரலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சிறு மரப்பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், "சார், கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு டேபிள் சா வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?" என்று கேட்டார். ஆலைகளுக்குப் பாலெட்டும் பேக்கிங் பெட்டியும் அடித்துக் கொடுக்கிற பட்டறை. அவரோடு சேர்த்து நான்கு பேர். நான் தச்சன் இல்லை, அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டி ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆனால் பல வருடம் தொழிலாளர் இழப்பீட்டுக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. ரம்பத்தோடு எனக்கு அப்படித்தான் பழக்கம். அவருக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்த புதுச்சேரியில் ஆள் வைத்து மரம் அறுப்பது இன்னும் வழக்கத்தில் இருந்தது. பெரிய கட்டையைச் சாரத்தின் மேல் சாய்த்து ஏற்றுவார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் ஆள் உயர ரம்பம். மரத்தூள் முழுக்கக் கீழே நிற்பவர் முகத்தில் கொட்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை இடுக்கியபடி இழுப்பார். பிரெஞ்சில் இந்த வேலைக்காரருக்கு 'சியர் த லோன்' என்று பெயர், நெடுக்காக அறுப்பவர் என்று அர்த்தம். அந்த வேலையில் கண்ணும் இடுப்பும் போகும். கோப்புகளில் நான் பார்த்த மாதிரி விரல் போனதாகக் கேட்டதில்லை.

வட்ட ரம்பம் எப்போது வந்தது என்பதில் சண்டை உண்டு. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் என்பவர் காற்றாலையால் ஓடும் மர அறுப்பு இயந்திரத்துக்கு 1777இல் காப்புரிமை வாங்கினார். அதில் வட்ட ரம்பத்தைப் போகிறபோக்கில்தான் குறிப்பிடுகிறார். அதனால் அது அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்திருக்கும் என்று சொல்கிறார்கள். அமெரிக்கர்கள் டபிதா பாபிட் என்ற பெண்மணியின் கதையைச் சொல்வார்கள். ஷேக்கர் என்ற சமயக் குழுவைச் சேர்ந்தவர். இரண்டு ஆட்கள் ரம்பம் இழுப்பதில் பாதி இழுப்பு வீணாவதைப் பார்த்து, தன் ராட்டினத்தில் பல் வைத்த தகட்டை மாட்டி 1813இல் அறுத்துக் காட்டினாராம். கதை அழகானதுதான், ஆனால் 1777 அதற்கு முந்தியது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் மார்க் இஸம்பார் ப்ருனெல் பெயரை விட எனக்கு மனமில்லை. 1769இல் நார்மாண்டியில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில், 1793இல், அமெரிக்காவுக்குத் தப்பி, பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே போர்ட்ஸ்மத் கப்பல் பட்டறையில் பாய்க் கயிறு ஓடும் கப்பிகள் செய்வதற்கு வரிசையாக இயந்திரங்களை வடிவமைத்தார். கட்டையைத் துண்டு போட வட்ட ரம்பம் அந்த வரிசையில் இருந்தது. 1808 வாக்கில் வருடத்துக்கு 1,30,000 கப்பிகள் அங்கே தயாராயின. முன்பு 110 பேர் செய்ததைப் பத்துப் பேர் செய்தார்கள். நெப்போலியனை எதிர்த்த கப்பல்களுக்குக் கப்பி செய்து கொடுத்தவர் ஒரு நார்மாண்டிக்காரர் என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்ததாக நினைவில்லை.

அந்தப் பத்துப் பேரும் தேர்ந்த கைவினைஞர்களாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இயந்திரத்தின் பெருமையாக அதைச் சொன்னார்கள். விபத்துக் கோப்பு தொடங்குவதும் அங்கேதான். பழக்கம் இல்லாத கை, வேகமான பல்லுக்கு எதிரே வந்து நின்றது.

எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போட்டேன். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,650 சுற்று சுற்றினால், விளிம்பில் உள்ள பல் மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் ஒரு ரயில் போனால் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கால் மணி நேரம்தான். நம் மின்ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

பலரும் பிளேடின் முன்பக்கத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வினை பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். முன்பக்கப் பல் மரத்தை மேசைமேல் அழுத்தும். பின்பக்கப் பல்லோ மேலே எழும்பி வரும். அறுத்த வாய் மூடிக்கொண்டு பின்பல்லைக் கவ்விவிட்டால், பிளேடு பலகையைத் தூக்கி நம் வயிற்றை நோக்கி எறியும். பலகை போன வேகத்தில் அதைப் பிடித்திருந்த கை பிளேடின் மேல் விழும். 'எப்படி நடந்தது என்றே தெரியவில்லை' என்று வாக்குமூலத்தில் எழுதியிருப்பார்கள். அது பொய்யில்லை.

இதைத் தடுக்க ஒரு சின்னத் தகடு போதும். பிளேடுக்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில் நிற்கும். ஆங்கிலத்தில் 'ரைவிங் நைஃப்', நாம் பிளவுக் கத்தி என்று சொல்லலாம். கத்தி என்று பெயர்தான், எதையும் அறுக்காது. அறுத்த வாய் மூடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. பிரிட்டனில் 1922இல் வந்த மரவேலை இயந்திர விதிகளிலேயே பிளவுக் கத்தி, மேல்மூடி, தள்ளுகுச்சி மூன்றும் கட்டாயம். நம் 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலும் இவை உண்டு.

ஆனால் அந்தச் சட்டம் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்றது. நான்கு பேர் பட்டறைக்கு ஆய்வாளர் வரமாட்டார். பாலெட்டுக்கோ உலக விதியே இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் முப்பது நிமிடம் சூடாகி, கோதுமைக் கதிர் முத்திரை வாங்க வேண்டும், உள்ளே புழு இருக்கக்கூடாது என்பதற்காக. புழுவுக்கு இருக்கிற கவனிப்பு அந்தப் பலகையை அறுக்கிற கைக்கு இல்லை.

கை போன பிறகு என்ன என்பதற்குச் சட்டம் உண்டு. இங்கிலாந்தில் 1897, பிரான்சில் 1898 ஏப்ரல் 9, நம் நாட்டில் 1923. இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை எனக்கு இன்னும் மனப்பாடம். பெருவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. நான்கு விரலும் போனால் 50. வலது கை, இடது கை பேதம் கிடையாது. எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் அதற்கு ஆங்கில மூலத்தில் 'கில்லட்டின்' என்ற சொல்லையே போட்டிருப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியைப் பள்ளியில் படித்தவனுக்கு அந்த வரியைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். ஆள்காட்டி விரலுக்கு அது 5 சதவீதம்.

இயந்திரம் சிறிதாகிக் கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1924 வாக்கில் அமெரிக்காவில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கையில் பிடிக்கும் மின்ரம்பத்தைக் கொண்டுவந்தார். கரும்பு வெட்டும் கத்தியைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்ததாம். 1939இல் டெல்டா நிறுவனம் பிளேடைச் சாய்த்து அறுக்கக்கூடிய யூனிசா மேசையை விற்றது. பிறகு அலுமினியத் தட்டும் சிறு மோட்டாருமாக, ஒருவரே தூக்குகிற மேசைகள் வந்தன.

1999இல் ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் புதிதாக ஒன்றைச் செய்தார். இயற்பியல் படித்த வழக்கறிஞர் அவர். பிளேடில் மெல்லிய மின்சமிக்ஞை ஓடும். உடம்பு பட்டால் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து, ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிடும். பெரிய நிறுவனங்கள் அவரிடம் அதை வாங்கவில்லை. 2004இல் 'சா ஸ்டாப்' என்ற பெயரில் அவரே விற்கத் தொடங்கினார். 2010இல் பாஸ்டனில் கை சிதைந்த ஒரு தொழிலாளிக்கு, ரியோபி ரம்பத்தைத் தயாரித்த நிறுவனம் 15 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பு வந்தது. இந்த ஏற்பாடு இருந்தும் வைக்கவில்லை என்பதுதான் வழக்கு. ஆனால் அமெரிக்காவிலேயே இது விலை அதிகம். ஒரு தடவை பாய்ந்தால் கட்டையும் பிளேடும் போச்சு. ரொம்ப ஈரமான மரம் பட்டாலும் உடம்பு என்று நினைத்துப் பாய்ந்துவிடும்.

ஆகவே நம் தம்பி போன்றவர்கள் கடையில் பார்க்க வேண்டியது வேறு. ஹெச்பி எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பத்து அங்குல பிளேடும் 1,800 வாட் மோட்டாரும் இருந்தால் சிங்கிள் பேஸில் மூன்று அங்குலப் பலகை வரை அறுக்கலாம். நாள் முழுக்க ஓட்டுவதானால் இந்த வகையே வேண்டாம், வார்ப்பிரும்பு மேசையும் இண்டக்‌ஷன் மோட்டாரும் உள்ளதைப் போய்ப் பாருங்கள். பிளவுக் கத்தி பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அது பிளேடுத் தகட்டைவிடக் கொஞ்சம் தடிமனாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகச் சொல்லுங்கள். தானாக ஓடத் தொடங்கினால் அந்த இயந்திரம் வேண்டாம். நம் பக்கத்தில் கரண்ட் போய்விட்டுத் திடீரென்று வரும், அப்போது கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. மார்பிள் கட்டரைக் கவிழ்த்துப் பிளைவுட்டில் திருகி 'டேபிள்' என்று வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதில் மூடியும் இல்லை, கத்தியும் இல்லை. பழைய பாலெட் பிரித்த மரத்தில் ஆணி இருக்கும், அதை முதலில் பிடுங்க வேண்டும். கையுறை போடக்கூடாது, நூல் பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தால், பெட்டியோடு வந்த கத்தியும் மூடியும் எங்கே என்று கேளுங்கள். "அது இடைஞ்சலா இருந்துச்சுங்க, கழட்டிப் போட்டோம்" என்பார்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்த இரண்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று விசாரியுங்கள். கிடைக்கும் என்றால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.