தோட்டத்துக் கொட்டகையில் பிறந்த கார்

'கராஜ்' பிரெஞ்சுச் சொல். வண்டியை ஒதுக்கி நிறுத்துவதைக் குறிக்கும் 'கரே' என்ற வினையிலிருந்து வந்தது. கார் நிற்க மட்டுமல்ல, கார் பிறக்கவும் அப்படிப்பட்ட இடம் உதவியிருக்கிறது.

பாரீசை ஒட்டிய பியான்கூரில் ரெனோ குடும்பத்தாருக்குத் தோட்டத்துடன் ஒரு வீடு இருந்தது. தகப்பனார் துணி, பொத்தான் வியாபாரியாக இருந்தவர். இளைய மகன் லூயிக்கோ இயந்திரங்களில்தான் மனம். தோட்டத்துக் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டார். 1898இல், 21 வயதில், தெ தியோன்-பூத்தோன் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றை அங்கே நான்கு சக்கரச் சிறு காராக மாற்றினார்.

அன்றைய கார்கள் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றியது, சைக்கிளில் இருப்பதுபோல், சங்கிலிதான். சத்தமும் தேய்மானமும் அதிகம். லூயி சங்கிலியை எடுத்துவிட்டுச் சுழல்தண்டு வைத்தார். மேல் கியரில் இஞ்சினின் சுழற்சி நேராகத் தண்டுக்குப் போகும்படியும் செய்தார். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் தேதி, மோன்மார்த்தரில் செங்குத்தான லெப்பிக் தெருவில் அந்தக் கார் ஏறியது. பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். 1899இல் லூயி காப்புரிமை பெற்றார். அண்ணன்மார் கம்பெனி தொடங்கினர்.

பிற்காலத்தில் தொழிற்சாலை பெருகியபோதும் அந்தக் கொட்டகையைக் காத்து வைத்தார்கள். உங்கள் பேரன் பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கையெல்லாம் கிரீஸுடன் நின்றால், உடனே அதட்டிவிடாதீர்கள்.