உப்பளத்துப் பிள்ளைக்கு எழுத்து!

உப்பிலே மேல்சாதி, கீழ்சாதி உண்டோ? எவர் வாரிக் குவித்ததாயினும் எல்லார் இலையிலும் அதற்கு இடமுண்டு. ஆனால், அதனை வாரியவரின் பிள்ளைக்குப் பள்ளியிலே இடம் கிடைக்க எத்தனை நூற்றாண்டுகள் ஆயின! அந்த வரலாற்றை, உப்பு விளையும் மரக்காணம் கடற்கரையில் நின்று எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

கிழக்கே வங்கக் கடல். அருகே கழுவெளி நீர்ப்பரப்பு. பாத்தி பாத்தியாய் உப்பளங்கள். இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்ப் பகுதியே, சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பர் ஆய்வாளர். உப்பு வணிகராம் உமணரின் பிள்ளைகள், வண்டியோடு வந்த மந்தியுடன் கிலுகிலுப்பை ஆட்டி மகிழும் காட்சியும் அந்நூலிலே உண்டு. புலவன் கண்ணுக்கு அப்பிள்ளைகள் தெரிந்தனர். பின்வந்த மன்னர்க்குத் தெரிந்தனரா?

அதே மாவட்டத்தின் உட்பகுதியில் எண்ணாயிரம் என்றோர் ஊர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டிலே, அங்கே கல்லூரி இயங்கியதாகக் கல்வெட்டு பேசுகிறது. மாணவர் 340 பேர். அவர்தம் செலவுக்கு 45 வேலி நிலம்! கற்பித்தவையோ வேதம், வியாகரணம், மீமாம்சை. பொருளுக்குப் பஞ்சமில்லை, கொடைக்கும் குறைவில்லை. ஆயினும், உப்பு விளைவித்த குடியின் பிள்ளைக்கு அங்கே இடம் ஏது? பிறப்பின் பெயரால் அடைக்கப்பட்டது கதவு!

மன்னராட்சி மறைந்தது, மக்களாட்சி வந்தது. பழைய எண்ணம் மாய்ந்ததா? 1953இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி ஒரு திட்டம் கொணர்ந்தது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாதிப்பொழுது பாடம். மீதிப்பொழுது பெற்றோர் தொழில்! உப்பளத்துச் சிறுவனுக்கு இதன் பொருள் என்ன? பாதி நாள் கரும்பலகை, மீதி நாள் உப்பு வாரும் பலகை! குலக்கல்வித் திட்டம் இது என்று தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார். 1956இல் பகலுணவுத் திட்டம் தந்து ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தார்.

திறந்த கதவை 2020 மார்ச்சில் கொரோனா சாத்தியது. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 வரை, ஏறத்தாழ 19 மாதம், நடைபெறவில்லை. கைப்பேசியும் இணையமும் வாய்த்த வீட்டிலே பாடம் தொடர்ந்தது. அன்றாடக் கூலியால் அடுப்பெரியும் வீட்டிலே? முன்பு சாதி செய்ததை இப்போது வறுமை செய்தது!

அவ்வேளையில், 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், பின்னர் தமிழகமெங்கும். கல்லூரி மாணவரும், படித்தும் வீட்டோடு இருந்த பெண்களும் ஆசான்களாயினர். மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு. 20 பிள்ளைகளுக்கு ஒருவர். ஊக்கத்தொகை திங்களுக்கு 1,000 ரூபாய். ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இப்பணியில் இறங்கினர்.

இளைஞர் முனைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கியூபாவே சான்று. 1961இல் அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் மாணவர் சிற்றூர்களுக்கும் மலைகளுக்கும் சென்றனர். ஓராண்டு இயக்கத்திலே 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கக் கற்றனர்!

தொண்டரைக் காட்டிப் பள்ளியைக் கைவிட்டுவிடுவரோ என்று ஐயுற்றோரும் உண்டு. அந்த ஐயம் வேண்டியதே! 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, 2010 முதல் நடைமுறையில் உள்ள சட்ட உரிமை. உரிமைக்குத் தொண்டு ஈடாகாது. பயிற்சி பெற்ற ஆசிரியரும், குறைவற்ற பள்ளியும் அளிப்பது அரசின் கடன். பள்ளிக்கும் பிள்ளைக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்பி, பிள்ளையை மீண்டும் பள்ளி வாயிலிலே சேர்ப்பதே தொண்டரின் பணி.

எனவே, கல்லூரித் தோழர்களே! உங்கள் மாலைப் பொழுதிலே ஒரு மணி நேரத்தை உப்பளத்துப் பிள்ளைகளுக்குத் தாருங்கள். பிள்ளை பள்ளிக்கு வராத நாளிலே ஏன் வரவில்லை என்று அவன் வீட்டுக்குச் சென்று கேளுங்கள். அவனுக்குரிய பள்ளியில் ஆசிரியர் இல்லையெனில், அரசிடம் சென்று கேளுங்கள். ஆசிரியப் பணியேற்ற நாமும் உடன் வருவோம். தந்தையின் பலகை மகனுக்கு உரிமைச் சொத்தாகும் வழக்கம் இத்தலைமுறையோடு முடியட்டும்!